செல்வாக்கை வளர்க்கச் சொல்கிறார்கள்: யாருடைய செல்வாக்கை?

சில ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் வேலை பார்த்த ஒரு தொண்டு நிறுவனத்தில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. கார்ப்பரேட் கம்பெனிகளுக்கு வகுப்பெடுக்கும் ஒருவரை வரவழைத்திருந்தார்கள். "பதவி இல்லாமலே பணியிடத்தில் செல்வாக்கு பெறுவது எப்படி" என்பது தலைப்பு. மேலதிகாரியோடு டீ குடியுங்கள், உங்கள் வேலையல்லாத வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்யுங்கள், எல்லோரிடமும் பழகுங்கள், கூட்டங்களில் உங்கள் குரல் கேட்கட்டும், நம்பிக்கை தானாக வரும் என்றார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த களப்பணியாளர்கள் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பதினோரு களப்பணியாளர்களில் ஒன்பது பேர் சேரியிலிருந்து வந்தவர்கள். முன்வரிசையில் இருந்த ஐந்து ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவர்கூட நம்மவர் இல்லை. அந்த நிறுவனம் யாருக்காக வேலை செய்தது தெரியுமா? தலித் மக்களின் மேம்பாட்டுக்காக.

தேநீர் இடைவேளையில் எங்கள் தோழி ஒருவர் கேட்டார்: "மேலதிகாரியோட டீ குடிக்கணும்னு சொல்றாரு. சரி. நாம கொண்டுபோற டிபன் பாக்ஸைத் திறந்தாலே அந்த டேபிள்ல ரெண்டு பேரு எழுந்து போறாங்களே, அதுக்கு என்ன டெக்னிக்குன்னு கேட்கலாமா?"

கேட்கவில்லை. அன்று எங்களிடம் அந்தத் துணிச்சல் இல்லை. முதல் வேலைக்குப் போகப்போகும் தம்பி தங்கைகளுக்காக அந்தக் கேள்வியை இப்போது கேட்கிறோம்.

பதவி இல்லாத செல்வாக்கு ஏற்கெனவே இருக்கிறது

இந்தப் பயிற்சிகளும் புத்தகங்களும் ஒரு விஷயத்தை மறைக்கின்றன. அலுவலகத்துக்குள் நுழையும் எல்லோரும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்குகிறார்கள் என்று அவை நம்பவைக்கின்றன. நம் நாட்டில் அப்படி ஒரு கோடு எங்கே இருக்கிறது?

பதவி இல்லாத செல்வாக்குக்கு இந்தியாவில் மிகப் பழைய பெயர் ஒன்று உண்டு: சாதி. ஓர் அரசு அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இளநிலை உதவியாளர் ஒருவர் இருப்பார். அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஆனால் எந்தக் கோப்பு எப்போது நகரும் என்பது அவருக்குத் தெரியும். மாவட்ட அதிகாரியின் மைத்துனர் அவருக்குப் பங்காளி. ஒன்றியச் செயலாளர் அவர் ஊர்க்காரர். திருவிழாவில் பரிவட்டம் கட்டும் வகையறா அவர். தனியார் கம்பெனியிலும் இதுதான் கதை. புதிதாக வந்தவரிடம் "எந்த ஊரு? எந்தத் தெரு? குலசாமி எது?" என்று மூன்று கேள்விகள் கேட்டால் போதும். நான்காவது கேள்வி தேவைப்படாது. அந்த மூன்று பதில்களில் ஒருவருக்கு இருபது ஆண்டுகளுக்கான ஆதரவு கிடைத்துவிடுகிறது. இன்னொருவருக்கு இருபது ஆண்டுகளுக்கான ஓரங்கட்டல்.

சமூகவியல் வகுப்பில் இதை "சமூக மூலதனம்" என்று படித்தோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். வேலைக்குப் போன பிறகுதான் அந்த மூலதனம் யார் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது என்று புரிந்தது.

அம்பேத்கர் இதை 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வே தொழிலாளர்கள் முன் பேசினார். தீண்டத்தகாத தொழிலாளி ஆண்டுக்கணக்கில் கேங்மேனாகவே கிடக்கிறார், போர்ட்டராகக்கூட உயர முடியவில்லை என்று காரணத்தோடு எடுத்துச் சொன்னார். போர்ட்டராக இருப்பவர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்தாக வேண்டும். அந்த வீட்டுக்குள் நம் ஆள் நுழைய முடியாது. எனவே அந்த வேலையும் கிடையாது. பம்பாய் ஆலைகளிலும் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் நம்மவர்களைச் சேர்க்கவில்லை. அறுந்த நூலை வாயால் உறிஞ்சி நாடாவில் கோக்க வேண்டும், எச்சில் பட்டால் தீட்டு என்றார்கள். எவ்வளவு திறமை, எவ்வளவு பணிவு, எவ்வளவு புன்னகை இருந்தால் அந்தக் கதவு திறந்திருக்கும்? பயிற்சியாளர்கள்தான் சொல்ல வேண்டும்.

பதவி வந்தால் மட்டும்?

அப்படியானால் பதவியைப் பிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். வரலாறு அதையும் பொய்யாக்குகிறது.

கொலம்பியா, லண்டன் என்று படித்துவிட்டு 1917இல் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் உயர் அதிகாரியாகப் பொறுப்பேற்றார். அங்கே கடைநிலை ஊழியர்கள் கோப்புகளை அவர் கையில் கொடுக்காமல் தூர நின்று மேசைமேல் வீசினார்கள். தங்குவதற்கு அந்த ஊரில் ஓர் அறை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு பம்பாய் சிடனம் கல்லூரியில் பேராசிரியர். ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையை அவர் தொடக் கூடாது என்று சக பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். கடைநிலை ஊழியருக்குப் பதவி இல்லை, செல்வாக்கு இருந்தது. அம்பேத்கருக்குப் பதவி இருந்தது, செல்வாக்கு மறுக்கப்பட்டது.

இதெல்லாம் பழைய கதை என்பார்கள். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சி மன்றத் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளிவந்தது 2020இல். சட்டப்படி அவர்தான் தலைவர். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் உறுப்பினர்கள். 1997இல் மேலவளவு முருகேசன் தலைவர் பதவியில் இருந்தபோதுதான் வெட்டிக் கொல்லப்பட்டார்.

ஆகவே தோழர்களே, இரண்டு மாயைகளை முதலில் கைவிடுவோம். நல்லபடி நடந்துகொண்டால் செல்வாக்கு வரும் என்பது ஒன்று. பதவி வந்தால் செல்வாக்கு வரும் என்பது இன்னொன்று. தனி ஆளாகப் போகும் நமக்கு இரண்டுமே கை கொடுப்பதில்லை. நம் மக்கள் எப்போதாவது பணியிடத்தை அசைத்திருக்கிறார்கள் என்றால் அது வேறு வழியில் நடந்திருக்கிறது.

தீனா பானா என்ற கடைநிலை ஊழியர்

கன்ஷிராமைத் தெரியாதவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். தீனா பானாவைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

1960களின் நடுவில் புனேயில் மத்திய அரசின் வெடிபொருள் ஆராய்ச்சிக் கூடத்தில் தீனா பானா நான்காம் நிலை ஊழியர். ராஜஸ்தானிலிருந்து வந்த வால்மீகி சமூகத்தவர். அதாவது அந்த அலுவலகத்தின் ஏணியில் கடைசிப் படி, சாதியின் ஏணியிலும் கடைசிப் படி. அம்பேத்கர் பிறந்த நாளுக்கும் புத்தர் பிறந்த நாளுக்கும் இருந்த விடுமுறையை நிர்வாகம் ரத்து செய்தது. அந்த ஆய்வகத்தில் படித்த தலித் ஊழியர்கள் இருந்தார்கள். பலரும் வேலை போய்விடும் என்று பேசாமல் இருந்தார்கள். எதிர்த்துப் பேசியவர் தீனா பானா. அதற்காக அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள்.

அங்கே ஆராய்ச்சி உதவியாளராக இருந்த பஞ்சாப் இளைஞர் கன்ஷிராம் இதைக் கவனித்தார். ஒரு கடைநிலை ஊழியர் எதற்காகத் தன் வயிற்றுப் பிழைப்பையே பணயம் வைக்கிறார் என்று அவருக்குப் புரியவில்லை. விசாரித்தார், பக்கத்தில் நின்றார், வழக்குக்குத் துணை செய்தார். சக ஊழியர் கபார்டே அவருக்கு அம்பேத்கரின் "சாதி ஒழிப்பு" நூலைப் படிக்கக் கொடுத்தார். முடிவில் விடுமுறைகளும் திரும்ப வந்தன, தீனா பானாவின் வேலையும் திரும்ப வந்தது. அங்கிருந்து தொடங்கிய பயணம் 1978 டிசம்பர் 6இல் பாம்செஃப் என்ற ஊழியர் கூட்டமைப்பாகவும், 1981இல் டிஎஸ்4 ஆகவும், 1984 ஏப்ரல் 14இல் பகுஜன் சமாஜ் கட்சியாகவும் வளர்ந்தது.

பதவியில்லாத செல்வாக்கு என்றால் எங்களுக்கு நினைவுக்கு வருவது இதுதான். தீனா பானா மேலதிகாரியோடு டீ குடிக்கவில்லை. அவர் செய்தவை மூன்று. எல்லோருக்கும் பொதுவான, எவரும் மறுக்க முடியாத ஒரு கோரிக்கையைப் பிடித்துக்கொண்டார். பின்வாங்க மறுத்தார். தன்னைவிட ஓரிரு படி மேலே இருந்த நம் ஆட்களை "நீ எந்தப் பக்கம்?" என்று தன் செயலாலேயே கேட்டார். கன்ஷிராமும் கபார்டேயும் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள். அவர்கள் அன்று ஒதுங்கிப் போயிருந்தால் தீனா பானா வேலையிழந்த இன்னொரு ஊழியராக மறக்கப்பட்டிருப்பார்.

மேலே இருக்கும் நம் ஆட்களே, இந்த இடத்தில் உங்களையும் கேட்கிறோம். இடஒதுக்கீட்டில் வந்து, பெயரை மாற்றி, அம்பேத்கர் படத்தை வீட்டில்கூட மாட்டாமல், கீழே இருக்கும் துப்புரவுத் தொழிலாளியின் முகத்தைப் பார்க்காமல் கடந்துபோகும் அதிகாரிகள் நம்மிலும் இருக்கிறார்கள். அந்தப் பயத்தின் காரணம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நீங்கள் பதுங்கினால் கீழே இருப்பவர் தனியாகச் சாகிறார்.

திண்டுக்கல்லில் நடந்தது

நம் காலத்துக்கு வருவோம். திண்டுக்கல் பகுதியில் ஓர் ஆடை ஆலையில் வேலை செய்த தலித் இளம்பெண் ஜெயஸ்ரீ 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். பல பெண்கள் பல காலம் அனுபவித்து வந்த கொடுமை ஒரு கொலைக்குப் பிறகுதான் வெளியே பேசப்பட்டது.

தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் டிடிசியு என்ற ஜவுளித் தொழிலாளர் சங்கம் இதைக் கையில் எடுத்தது. ஆலை நிர்வாகத்தோடு மட்டும் பேசிப் பயனில்லை, அந்தத் துணியை வாங்கி விற்கும் பன்னாட்டு பிராண்டுகளின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் என்று அது புரிந்துகொண்டது. ஆசியத் தொழிலாளர் அமைப்புகளும் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்புகளும் துணை நின்றன. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. எச் அண்ட் எம் முதலில் ஒப்புக்கொண்டது, பிறகு கேப், பிவிஎச் நிறுவனங்களும் சேர்ந்தன. பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் பெயர் சொல்லித் தடை செய்த ஒப்பந்தம் அது.

அதில் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய ஏற்பாடு ஒன்று உண்டு. தையல் வரிசைகளில் வேலை செய்யும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. அவர்கள் சூப்பர்வைசர்கள் அல்ல, அவர்களுக்கு மேசை கிடையாது. பக்கத்து மெஷினில் தைப்பவர்தான். ஆனால் "வாடி போடி" என்று கத்தும் சூப்பர்வைசர் அவரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்த வேண்டியிருந்தது. அவர் புகார் எழுதினால் அதைக் கேட்க ஒரு குழு இருந்தது. குழு கேட்காவிட்டால் ஆலைக்கு ஆர்டர் போகும் ஆபத்து இருந்தது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதும் ஒப்பந்த மீறல் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

தட்டிக் கேட்க ஆளில்லை என்றால் தம்பி சண்டப்பிரசண்டன் என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்தச் சண்டப்பிரசண்டனை அடக்கியது ஒரு பெண்ணின் தனித்திறமை இல்லை. அவளுக்குப் பின்னால் சங்கம் நின்றது, சங்கத்துக்குப் பின்னால் எழுத்தில் ஒப்பந்தம் நின்றது.

எங்கள் கதை, எங்கள் தோல்வியோடு

எங்கள் அலுவலகத்தில் நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். அது வெற்றிக் கதை மட்டும் இல்லை.

மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணியாளர் ஒருவர் ஒரு யோசனை சொல்வார். "பார்ப்போம்" என்பார்கள். அடுத்த மாதம் அதே யோசனை ஒருங்கிணைப்பாளர் வாயிலிருந்து வரும், கைதட்டல் கிடைக்கும். பயணப்படி பில்கள் நான்கு மாதம் கிடப்பில் கிடக்கும். இரவு எட்டு மணிக்குக் கிராமக் கூட்டம் முடித்துவிட்டுப் பெண் பணியாளர்கள் தனியாகப் பேருந்துக்குக் காத்திருப்பார்கள்.

கூட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை பேருந்து நிலைய டீக்கடையில் கூடினோம். ஆளுக்கொரு குறை சொல்வதை நிறுத்தினோம். ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு கோரிக்கை, அதை மூன்று பேர் சொல்ல வேண்டும், ஒருவர் சொன்னதை அடுத்தவர் பெயர் சொல்லி வழிமொழிய வேண்டும் என்று முடிவெடுத்தோம். கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதும் வேலையை யாரும் விரும்பவில்லை. நாங்கள் வாங்கிக்கொண்டோம். யார் என்ன சொன்னார், யார் என்ன ஒப்புக்கொண்டார், எந்தத் தேதிக்குள் என்று எழுதி அன்று மாலையே எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினோம். "திருத்தம் இருந்தால் நாளைக்குள் தெரிவிக்கவும்" என்று ஒரு வரி. பயிற்சியாளர் சொன்ன "உங்கள் வேலையல்லாத வேலை" இதுதான். ஆனால் அவர் நினைத்த காரணத்துக்காக நாங்கள் செய்யவில்லை.

பில்களைப் பதினைந்து நாளில் தீர்க்க வேண்டும் என்று நிறுவனத்தின் சொந்த நிதி விதிமுறையிலேயே இருந்தது. அதை எங்களிடம் சொன்னவர் கணக்குப் பிரிவில் இருந்த அக்கா. அவர் நம் சாதி இல்லை. பல மாதங்களாக அவரையும் யாரும் மதித்துப் பேசவில்லை, அவ்வளவுதான். ஓட்டுநர், காவலாளி, கணக்கர், துப்புரவு செய்யும் அம்மா: ஓர் அலுவலகத்தின் உண்மைகள் இவர்களிடம்தான் இருக்கின்றன. செல்வாக்கை மேல்நோக்கித் தேடுங்கள் என்று பயிற்சியாளர் சொன்னார். எங்களுக்குக் கிடைத்தது பக்கவாட்டிலும் கீழேயும்.

இரண்டே மாதத்தில் பில்கள் வந்தன. இரவுக் கூட்டங்களுக்கு இருவராகப் போகலாம், வண்டி வாடகை தரப்படும் என்று உத்தரவு வந்தது. எங்கள் குறிப்பை மீறி எவரும் எங்கள் யோசனையைத் தன்னுடையது என்று சொல்ல முடியவில்லை.

ஆண்டு முடிவில் டிபன் பாக்ஸ் கேள்வி கேட்ட அந்தத் தோழியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. "திட்ட நிதி குறைந்துவிட்டது" என்றார்கள். அவர் இடத்துக்கு மூன்றாவது மாதம் புது ஆள் வந்தார். நாங்கள் சம்பளத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மூன்று மாதம் அவர் வீட்டு வாடகை கட்டினோம். அவர் வேலையை எங்களால் காப்பாற்ற முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்று பல நாள் பேசினோம். எங்களிடம் ஒற்றுமை இருந்தது, ஆவணம் இருந்தது. பதிவு செய்த சங்கம் இல்லை. வெளியிலிருந்து துணைக்கு வரும் அமைப்பு எதையும் முன்கூட்டியே பழகி வைத்திருக்கவில்லை. முன்னால் நின்று பேசுபவர் யார் என்று நிர்வாகத்துக்குத் தெரியும்படி ஒரே ஆளை மூன்று கூட்டங்களில் பேசவிட்டோம். அது எங்கள் தவறு. இதைப் படிக்கும் நீங்கள் அதைத் திரும்பச் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறோம்.

முதல் வேலைக்குப் போகிறவர்களிடம்

"இரண்டு மடங்கு உழை, அப்போதுதான் மதிப்பார்கள்" என்று வீட்டிலும் சொல்வார்கள். வேலையைச் சுத்தமாகச் செய்யுங்கள், அது உங்கள் தன்மானம். ஆனால் கூலியில்லாத கூடுதல் வேலை மரியாதையைக் கொண்டுவரும் என்று நம்பாதீர்கள். நம் தாத்தா பாட்டிகள் ஊருக்கே இலவசமாக உழைத்தார்கள். அதற்குக் கிடைத்த மரியாதையை நாம் அறிவோம்.

விதிகளைப் படியுங்கள். பணி விதி, நிதி விதி, பதவி உயர்வுக்கான இனச்சுழற்சிப் பதிவேடு, எதையும் விடாதீர்கள். அரசு அலுவலகம் என்றால் 2005 தகவல் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013 சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு இருந்தாக வேண்டும். இருக்கிறதா, வெளி உறுப்பினர் யார் என்று முதல் மாதமே கேளுங்கள். சாதிப் பாகுபாட்டுக்கு அப்படி ஒரு குழுவைத் தனியார் நிறுவனங்களில் கட்டாயமாக்கும் சட்டம் நம்மிடம் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் பதவி உயர்வில் ஓரங்கட்டுவதையும் டேபிளிலிருந்து எழுந்து போவதையும் எந்தக் காவல் நிலையத்தில் எழுதி வாங்குவார்கள்? தனியார் துறை இடஒதுக்கீட்டோடு சேர்த்து இந்தக் குழுவையும் நாம் கோரிக்கையாக்க வேண்டும்.

அவமானம் நடந்த அன்றே தேதி, நேரம், இடம், சாட்சி எழுதி வையுங்கள். தனியாகப் பேசாதீர்கள். பேசும் ஆளை மாற்றிக்கொண்டே இருங்கள். சங்கம் இருந்தால் சேருங்கள். அந்தச் சங்கத்துக்குள்ளும் சாதி இருக்கும், அங்கேயும் சண்டை போடுங்கள். சங்கம் இல்லையென்றால் தொடங்குங்கள். ஏப்ரல் 14 அன்று உங்களை மாலை போட வைத்துப் படம் எடுத்துவிட்டு ஏப்ரல் 15 முதல் மறந்துவிடுவார்கள். படத்துக்கு நில்லுங்கள், மறுநாள் கோரிக்கை மனுவோடு போய் நில்லுங்கள்.

விலை இருக்கும். இடமாற்றம் வரும், ரகசியக் குறிப்பில் எதிர்மறையாக எழுதுவார்கள், ஒப்பந்தம் முடிந்துபோகும். அதனால்தான் ஒருவர் விழுந்தால் தாங்குவதற்கு மாதம் நூறு ரூபாயாவது போடும் பொது நிதி ஒன்றை முதல் கூட்டத்திலேயே தொடங்கச் சொல்கிறோம். எங்கள் தோழிக்கு நாங்கள் தாமதமாகச் செய்தது அது.

இப்போது அவர் வேறு மாவட்டத்தில் வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கத்தில் இருக்கிறார். போன மாதம் பேசியபோது, அவரே ஒரு பயிற்சி நடத்தியதாகச் சொன்னார். தலைப்பு என்ன என்று கேட்டோம். "தலைப்பெல்லாம் இல்ல. முதல்ல எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறந்து நடுவுல வைங்கன்னு சொன்னேன். அதுலேர்ந்து ஆரம்பிச்சோம்" என்றார்.

ஜெய் பீம்.